ஒரே வயிறுதானே, தோழர்?

(தென்காசி வட்டாரத்துப் பீடித் தொழிலாளர் பெண்களுக்காகக் குற்றாலத்தில் நடந்த ஒருநாள் வகுப்பில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டு உங்களில் பாதிப்பேரின் மனம் அங்கே போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். வகுப்பு முடிந்ததும் போகலாம். எனக்குக் கொடுத்த தலைப்பு 'பெண்களும் சட்டமும்'. அதை முழுவதும் பேச நான் வக்கீல் அல்ல, எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். ஆகவே அதில் ஒரே ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கருக்கலைப்பு. ஆண்பிள்ளை வந்து இதைப் பற்றி என்ன பேசுவது என்று சிலர் முகத்தைத் திருப்புவது தெரிகிறது. நான் பேசக் கடமைப்பட்டவனாகிவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் பாவூர்சத்திரம் பக்கத்தில் ஒரு தெருமுனைக் கூட்டம். ஸ்கேன் எடுத்து, பெண் என்று தெரிந்துகொண்டு கருவைக் கலைக்கும் அநியாயத்தைக் கண்டித்துப் பேசினேன். 'கருவிலேயே கொலை' என்று வழக்கம்போல முழங்கினேன். கைதட்டினார்கள். பிறகு, வேண்டாத கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்ளும் உரிமை பெண்ணுக்கு வேண்டும் என்றும் பேசினேன். அதற்கும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து மைக் செட்டைக் கழற்றும்போது, பீடி சுற்றுகிற அம்மாள் ஒருவர் என்னிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். "ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க தோழர். பொட்டப்புள்ளன்னு கலைச்சா கொலைன்னு சொல்லுதீங்க. வேண்டாம்னு கலைச்சா உரிமைன்னு சொல்லுதீங்க. ரெண்டும் ஒரே வயிறுதானே?"

தோழர்களே, என்னிடம் பதில் இல்லை. இருபது வருஷமாக மேடையில் பேசுகிறவன், "அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் அம்மா" என்று மழுப்பிவிட்டு வந்தேன். அந்த அம்மாள் இன்று இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இது கடனை அடைக்கும் பேச்சு.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயாரின் தங்கை, எனக்குச் சித்தி, கடையநல்லூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். நான்கு பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு நிலையான வேலை கிடையாது. சித்தி பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் நிரப்பி, நாளைக்கு ஆயிரம் சுற்றிக் குடும்பத்தை இழுத்தவள். 1987-ல் ஐந்தாவது தரம் தரித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து ஊர்க் கிழவி ஒருத்தி எருக்கங்குச்சி வைத்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் ஜன்னி. ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கே முதலில் கேட்ட கேள்வி, "யார் செய்தது? போலீசுக்குச் சொல்லட்டுமா?" என்பதுதான். பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மறுநாள் விடியுமுன் சித்தி போய்விட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது. கடைசிப் பிள்ளைக்குத் தாய் எங்கே போனாள் என்று தெரியாமல், அந்தப் பீடித் தட்டை இழுத்துக்கொண்டு திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தது. அதை நான் மறக்கவில்லை.

பின்னால் கட்சிக்கு வந்து சட்டப் புஸ்தகங்களைப் புரட்டியபோதுதான் ஒன்று தெரிந்தது. சித்தி செத்தபோது, சட்டப்படி சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கருவைக் கலைத்துக்கொள்ள வழி பிறந்து 15 வருஷம் ஆகியிருந்தது! சட்டம் டில்லியில் இருந்தது. எருக்கங்குச்சி பக்கத்துத் தெருவில் இருந்தது.

அந்தச் சட்டத்தின் பூர்வோத்திரம் என்ன? வெள்ளைக்காரன் 1860-ல் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு, கருவைக் கலைப்பவருக்கு மூன்று வருஷம் வரை சிறை என்றது. கருவுக்கு அசைவு வந்தபின் என்றால் ஏழு வருஷம் வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். தாயின் உயிரைக் காப்பாற்றச் செய்தால் மட்டும் விலக்கு. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தப் பிரிவு போகவில்லை. 1964-ல் மத்திய சர்க்கார் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. 1966 கடைசியில் அது அறிக்கை கொடுத்தது. நாட்டில் வருஷத்துக்கு 39 லட்சம் கருக்கள் வேண்டுமென்றே கலைக்கப்படுகின்றன என்று அந்தக் கமிட்டி மதிப்பிட்டது. அத்தனையும் சட்டத்துக்கு விரோதமானவை. மருத்துவச்சியும் வேரும் குச்சியும் செய்த வேலை. 39 லட்சம் பேரைச் சிறையில் வைக்க எந்த சர்க்காராலும் முடியுமா? தடை கருக்கலைப்பைத் தடுக்கவில்லை. பெண்ணை டாக்டரிடம் போகாமல் மட்டுமே தடுத்தது. இந்த அறிக்கையின் பேரில்தான் 1971-ல் பார்லிமெண்டில் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் பெண்ணுக்கு உரிமை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் யோக்கியமாக யோசித்து, கர்ப்பம் நீடித்தால் அவளுடைய உயிருக்கோ உடலுக்கோ மனதுக்கோ பெருங்கேடு என்று கருதினால், அந்த டாக்டர் மீது வழக்கு வராது. அவ்வளவுதான். கேடயம் டாக்டருக்கு; பெண் அந்தக் கேடயத்தின் நிழலில் நிற்கிறாள். 312-வது பிரிவும் சாகவில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 88-வது பிரிவாகத் திரும்ப உட்கார்ந்திருக்கிறது.

2021-ல் வந்த திருத்தத்தால் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்பமாக இருக்கும்போது விதவையானவர்கள், விவாகரத்தானவர்கள், உடல் ஊனமுற்ற பெண்கள் போன்றவர்களுக்கு 24 வாரம் வரை, இரண்டு டாக்டர்கள் கருத்தோடு. அதற்கு மேல், கருவில் கடுமையான குறை இருந்தால் மருத்துவ போர்டு முடிவு செய்யும். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் எந்த வாரக் கணக்கும் கிடையாது. 2022 செப்டம்பர் 29-ல் சுப்ரீம் கோர்ட், கல்யாணமாகாத பெண்ணுக்கும் இது பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. புருஷனே பலாத்காரம் செய்தாலும், இந்தச் சட்டத்தின் காரியத்துக்கு அது பலாத்காரம்தான் என்றும் சொன்னது. இதை இங்கே இருக்கிற ஆண் தோழர்கள் இரண்டு தரம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. 18 வயது நிரம்பிய, புத்தி சுவாதீனமுள்ள பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். புருஷன் கையெழுத்து சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் நடைமுறையில் என்ன? "வீட்டுக்காரரைக் கூட்டி வா" என்கிறார்கள். முன்பெல்லாம் பல இடங்களில், "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால்தான் கலைப்போம்" என்றும் நிபந்தனை போட்டார்கள். இதனால் என்ன ஆகிறது? 2015-ம் வருஷத்து நிலைமையை ஆறு மாநிலங்களில், தமிழ்நாடும் சேர்த்து, ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. நாட்டில் அந்த ஒரு வருஷத்தில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள். ஆஸ்பத்திரிகளில் நடந்தவை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் என்று அது கணக்கிட்டது. மிச்சத்தில் பெரும்பகுதி, மாத்திரையை வெளியே வாங்கி வீட்டில் விழுங்கியது. எருக்கங்குச்சியைவிட மாத்திரை ஆயிரம் மடங்கு மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனையாவது வாரம், கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா, உதிரம் நிற்காவிட்டால் எங்கே போவது என்று சொல்ல ஆள் இல்லாமல் ஒரு பெண் இருட்டில் விழுங்குகிறாள். குற்றாலம் சீசனில் வேரும் லேகியமும் விற்கிறவனிடம்கூட இதற்கு மருந்து கேட்கிற பெண்கள் உண்டு. அவன் இல்லை என்று சொல்லமாட்டான்!

நிற்க. எதிர்வாதத்துக்கு வருகிறேன். எதிரில் நிற்பவர்களையெல்லாம் பிற்போக்கு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த விஷயத்தில் அது செல்லாது. கத்தோலிக்க சபை, கரு உண்டான கணத்திலிருந்தே அது மனித உயிர் என்கிறது. இஸ்லாமிய சட்ட அறிஞர்களில் பலர், 120 நாளில் கருவுக்குள் ஆன்மா ஊதப்படுகிறது என்பதை வைத்து, அதற்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று வித்தியாசம் காட்டுகிறார்கள். இந்து தர்ம சாஸ்திரங்கள் கருவை அழிப்பதை மகாபாதகங்களோடு சேர்த்துச் சொல்கின்றன. இந்தத் தென்காசித் தாலுகாவில் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. நம் சங்கத்துப் பெண்கள் இவை எல்லாவற்றிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி: உள்ளே இருப்பது உயிர் இல்லையா?

உயிர்தான். நான் மறுக்கவில்லை. எட்டு வாரக் கருவை நகத்தை வெட்டி எறிவதோடு ஒப்பிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி நினைத்துக் கலைக்கப் போன ஒரு பெண்ணையும் நான் கண்டதில்லை. ஆனால் எட்டு வாரக் கருவும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் ஒன்று என்பதையும் நான் ஏற்கவில்லை. நம் ஊர் வழக்கமே அதை ஏற்கவில்லையே! மூன்றாம் மாதம் கலைந்துபோனால் அழுகிறோம்; பெயர் வைத்து, இழவு சொல்லி, பதினாறு கும்பிடுகிறோமா? வளர வளரக் கரு கேட்கும் உரிமையும் வளருகிறது என்றுதான் ஜனங்கள் மனதில் இருக்கிறது. சட்டத்தில் வாரக் கணக்கு இருப்பதும் அதனால்தான்.

அந்தக் கணக்கின் ஓரத்தில் நிற்கும்போது எனக்கும் நெஞ்சு தடுமாறுகிறது. 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுவந்தவள். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு நின்றதைக் கவனிக்கவில்லை. கர்ப்பம் என்று தெரிந்தபோது ஏறக்குறைய ஆறு மாதம். முதலில் இரண்டு பெண் நீதிபதிகள் கலைக்க அனுமதித்தார்கள். பிறகு எய்ம்ஸ் டாக்டர், குழந்தை வெளியே வந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, இதயத்தை நிறுத்திவிட்டா எடுப்பது என்று எழுதிக் கேட்டார். அந்த இரண்டு பெண் நீதிபதிகளே இருவிதமாகப் பிரிந்தார்கள். ஒருவர் முடியாது என்றார். ஒருவர் தாயின் முடிவே முடிவு என்றார். கடைசியில் தலைமை நீதிபதியின் பெஞ்சு அக்டோபர் 16-ல் அனுமதி மறுத்தது. நான் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? உண்மையைச் சொன்னால், நானும் மறுத்துத்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் கேட்பேன். அவள் ஆறு மாதம் வரை டாக்டர் கண்ணில் படாமல் போனது எப்படி? பிள்ளை பெற்ற பெண்ணின் மனம் உடைந்திருக்கிறதே, அடுத்த கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள அவளுக்கு வழி சொன்னது யார்? 26-வது வாரத்தில் தர்மம் பேசுகிற சமூகம் 6-வது வாரத்தில் எங்கே போயிருந்தது?

கம்யூனிஸ்டுகள் இதில் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். 1913-ல் ருஷ்ய டாக்டர்கள் மகாநாட்டில் இந்த விவாதம் எழுந்தபோது லெனின் பிராவ்தாவில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஏழைகள் பிள்ளை பெறுவதால்தான் ஏழ்மை என்கிற மால்தூசியனிசத்தைச் சாடினார். அதே கட்டுரையில், கருக்கலைப்புக்கு எதிரான சட்டங்கள் அனைத்தும் நிபந்தனையில்லாமல் ரத்தாக வேண்டும் என்றும் கேட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் நம் நிலை. 1920-ல் சோவியத் சர்க்கார் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது. ஆனால் அதே சோவியத் நாடு 1936-ல் அதைத் திரும்பத் தடை செய்து, 1955-ல்தான் மீண்டும் அனுமதித்தது. இதை நாம் மூடி மறைக்கக் கூடாது. ருமேனியாவில் 1966-ல் செஷெஸ்கு போட்ட தடை 1989-ல் அவர் வீழ்ந்த பிறகே நீங்கியது. இடையில் ஆயிரக்கணக்கான பெண்கள் கள்ளக் கருக்கலைப்பில் மாண்டார்கள். செங்கொடி கட்டிய சர்க்கார் செய்தால் தப்பு சரியாகிவிடுமா? ஜனத்தொகை பெருக வேண்டும் என்றாலும் குறைய வேண்டும் என்றாலும் முதலில் பிடிபடுவது பெண்ணின் வயிறு. நம் நாட்டில் நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77 ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. அதில் எத்தனை மிரட்டல், எத்தனை பிடித்துப்போதல் என்பதை வடக்கே கிராமங்கள் இன்னும் மறக்கவில்லை.

நம் மண்ணில் பெரியார் 1930-களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோது, மற்றவர்கள் குடும்பப் பொருளாதாரத்துக்கும் உடல் நலத்துக்கும் இதைக் கேட்கிறார்கள், நான் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறேன் என்று வேறுபடுத்திக் காட்டினார். அவர் பேசியது கருத்தடையை, கருக்கலைப்பு வேறு. ஆனாலும் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தவர் அவர். 'எத்தனை பிள்ளை' என்பதல்ல, 'யார் முடிவு செய்வது' என்பதே கேள்வி.

முடிவு பெண்ணுடையது என்றால், பெற்றுக்கொள்வதும் அவள் முடிவுதான். 2009-ல் சண்டிகரில் சர்க்கார் காப்பகத்தில் இருந்த, மனவளர்ச்சி குறைந்த பெண் ஒருத்தி பலாத்காரத்தால் கர்ப்பமானாள். கலைத்துவிடலாம் என்று ஹைகோர்ட் உத்தரவிட்டது. அவளோ பிள்ளை வேண்டும் என்றாள். சுப்ரீம் கோர்ட் அவள் பக்கம் நின்றது. பெறுவதும் பெறாமலிருப்பதும் அரசியல் சட்டம் 21-வது ஷரத்தின்படி அவளுடைய சொந்த சுதந்திரத்தின் பகுதி என்றது.

இப்போது, அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரே வயிறுதானே என்று கேட்டீர்கள். ஆம், ஒரே வயிறுதான். முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். 'கருவிலேயே கொலை' என்று நான் முழங்கியது தப்பு. உசிலம்பட்டிப் பக்கம் பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்தார்களே, 1986-ல் பத்திரிகைகளில் வந்து நாடே தலைகுனிந்ததே, அது கொலை. பிறந்து அழுத பிள்ளை அது. கருவைக் கலைப்பதற்கும் அதே வார்த்தையைப் போட்டபோது, நான் நம் எதிர்த்தரப்பின் ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டேன். அதன் பலன் என்ன தெரியுமா? ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் தாண்டி வருகிற பெண்ணையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் அம்மாள் சொன்னார்: "எதுக்கு வம்புன்னு டாக்டர் கையே வைக்கமாட்டாங்க, தோழர்." நாம் ஒட்டிய சுவரொட்டிக்கும் அதில் பங்கு உண்டு.

பிறகு பெண் கருவைக் கலைப்பது சரியா? சரியில்லை. ஆனால் குற்றம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1994-ல் வந்து 1996 முதல் அமலான கருப் பாலினக் கண்டறிதல் தடைச் சட்டம், கலைப்பைத் தண்டிக்கவில்லை. ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தண்டிக்கிறது. ஸ்கேன் வைத்துக் காசு பண்ணுகிறவனுக்கு முதல் தடவை மூன்று வருஷம் வரை சிறை. அந்தப் பெண்ணை அது எப்படிப் பார்க்கிறது? புருஷனோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் அவள் வந்தாள் என்று கோர்ட் ஊகிக்க வேண்டும் என்கிறது. இந்த ஒரு விஷயத்தில் சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. "இந்தக் கர்ப்பம் எனக்கு வேண்டாம்" என்று சொல்கிறவள் தன்னைப் பற்றிப் பேசுகிறாள். "பொட்டை என்றால் வேண்டாம்" என்பது அவள் குரலே அல்ல. அது மாமியார் குரல், வரதட்சணைக் குரல், சொத்து மகனுக்கு என்கிற குரல். அவள் வாய் வழியாக வருகிறது. வயிறு ஒன்றுதான், அம்மா. பேசுகிற வாய் இரண்டு.

இந்தப் பதில் முழுசாக இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தானே பெண்ணாகப் பட்ட பாட்டை நினைத்து, 'இன்னொரு பெண் வேண்டாம்' என்று தானே முடிவு செய்கிறவளும் உண்டு. அவளை நான் சிறைக்கு அனுப்பமாட்டேன். அவளோடு உட்கார்ந்து பேசுவேன். 2011 ஜனக்கணக்கில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 943 பெண் பிள்ளைகள். குறைகிற அந்தப் பிள்ளைகளை வீட்டுக்குள் நடக்கிற சண்டையில்தான் மீட்க முடியும். நம் தோழர்கள் வீட்டுக் கல்யாணத்திலேயே எத்தனை பவுன் என்று பேசுவது நின்றுவிட்டதா? கை உயர்த்தச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

மாற்றுத்திறனாளி தோழர் ஒருவர் என்னிடம், "ஊனம் என்றால் 24 வாரம் தாண்டியும் கலைக்கலாம் என்கிறது சட்டம், அப்படியானால் நான் பிறந்ததே தப்பா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் என்னிடம் பதில் தயாராகவில்லை. இன்னொரு கூட்டத்துக்குக் கடன் வைக்கிறேன்.

இனி நம் சங்கத்து வேலை. 1966-ம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டமே வீட்டில் இருந்து சுற்றுகிறவளையும் தொழிலாளி என்று ஏற்றது. கரு தானே கலைந்தாலும், டாக்டர் முறைப்படி கலைத்தாலும், ஆறு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று 1961-ம் வருஷத்து மகப்பேறு சலுகைச் சட்டம் சொன்னது. 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த ஷரத்து இருக்கிறது. ஆறு வாரம்! இந்தக் கூடத்தில் யாராவது அதை வாங்கியிருக்கிறீர்களா? கரு கலைந்த மூன்றாம் நாள் தட்டை மடியில் வைத்தவர்கள்தான் இங்கே அதிகம். பாஸ் புத்தகம் கையில் இல்லாதவளுக்கு ஏஜெண்டு, நீ எங்கள் ஆளே இல்லை என்று கையை விரித்துவிடுவான். ஆகவே பாஸ் புத்தகம் இல்லாதவர்கள் போகும்போது பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்த ஆஸ்பத்திரியிலாவது புருஷன் கையெழுத்து கேட்டால், சண்டை போடாமல், கேட்டவர் யார், எந்தத் தேதி என்று குறித்துக்கொண்டு சங்கத்து மாதர் தோழர்களிடம் சொல்லுங்கள். உங்கள் பெயரை வெளியே சொல்வதைச் சட்டமே தடுக்கிறது. சொல்கிற டாக்டருக்கு ஒரு வருஷம் வரை சிறை உண்டு. நாங்களும் சொல்லமாட்டோம்.

மூன்றாவது வரிசையில் அந்த அம்மாள் தலையை ஆட்டுகிறார். ஒப்புக்கொண்டா, இல்லையா என்று தெரியவில்லை. எழுந்து கேளுங்கள், அம்மா. அருவி எங்கேயும் போய்விடாது.